பஞ்சு சொல்லாதது

உப்பு விளைகிற அந்த ஊரில், பிறந்த பிள்ளையின் நெற்றியைத் துடைத்த பஞ்சு பேசத் தொடங்கியது எந்த வருஷம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். பெரிய மழைக்கு முந்தின வருஷம் என்பார் ஒருவர், இல்லை பாலம் உடைந்த வருஷம்தான் என்று இன்னொருவர் சண்டைக்கு வருவார், ஆனால் பஞ்சு ஏன் பேசுகிறது என்று மட்டும் அங்கே ஒருவரும் ஒருவரையும் கேட்டதில்லை, கடல் ஏன் கரிக்கிறது என்று உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்களிடம் யார் போய்க் கேட்கிறார்கள்.

ஊர் ஆஸ்பத்திரிக்குப் பச்சைப்பிள்ளைகளின் காதைச் சோதிக்கிற சின்ன மெஷின் ஒன்று வந்திருந்தது. நெற்றியில் ஒன்று, பிடரியில் ஒன்று, தோளில் ஒன்று என்று பொட்டு மாதிரி சென்சார் ஒட்ட வேண்டும். தூங்குகிற பிள்ளையின் காதுக்குள் டிக் டிக்கென்று சத்தம் போகும். போன சத்தம் உள்ளே போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று சென்சார்கள் மெஷினுக்குச் சொல்லும். ஆனால் வயிற்றிலிருந்து வருகிற பிள்ளை வெறும் தோலோடு வருவதில்லை, வெண்ணெய் மாதிரி ஒரு பூச்சோடு வருகிறது, அதன்மேல் சொந்தக்காரர்கள் தடவுகிற எண்ணெய், எண்ணெய்க்கு மேல் பவுடர், பவுடருக்கு மேல் மைப்பொட்டு, இவ்வளவுக்கும் மேலே சென்சாரை ஒட்டினால் மெஷினில் சிவப்பு விளக்கு எரியுமே தவிரப் பச்சைக்கு மாறாது. அதனால் மணல்போல நறநறக்கும் ஒரு பசையைப் பஞ்சில் தொட்டு, தோல் சிவக்காமல் மெல்லத் தேய்த்து, ஈரத்தை ஒற்றியெடுத்து, அதற்குப் பிறகுதான் ஒட்ட வேண்டும். அப்படித் தேய்த்த பஞ்சைத் தட்டில் போட்டார்கள். தட்டில் கிடந்த பஞ்சு, ஈரம் காயும்வரை, அந்தப் பிள்ளை வயிற்றுக்குள் இருந்தபடி கேட்டதையெல்லாம் கேட்ட குரலிலேயே சொன்னது.

முதல் பஞ்சு சொன்னது ஒரு சீரியல் பாட்டும் மிக்ஸி ஓடும் சத்தமும்தான். அடுத்ததில் லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிறவர்களின் கூச்சல் கேட்டது. நாள் போகப்போகப் பஞ்சுகள் மற்றதையும் சொல்லின. கொல்லைப்பக்கம் நின்று ஒரு புருஷன் போனில் வேறொருத்தியைக் கொஞ்சியதை ஒரு பஞ்சு சொன்னது, கல்யாணமான சூட்டிலேயே மாசமான ஒருத்தி தனியாக உட்கார்ந்து வயிற்றிடம் 'நீ நிக்காம போயிரு தாயி' என்று கெஞ்சியதை இன்னொரு பஞ்சு சொன்னது. கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவனின் குரல் அவன் பிள்ளையின் பஞ்சில் வந்தபோது, அவன் மனைவி அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். காய்ந்த பஞ்சை நனைத்தால் மறுபடி பேசும் என்று ஊருக்குக் கண்டுபிடித்துச் சொன்னவள் அவள்தான், நனைக்க நனைக்கக் குரல் தேயும் என்று சொன்னவளும் அவள்தான். அவள் நனைத்து நனைத்து, கடைசியில் வார்த்தையெல்லாம் போய் அவன் மூச்சு மட்டும் மிஞ்சியபோது நிறுத்திக்கொண்டாள். மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த குப்பைக் கொட்டகை முழுக்க முணுமுணுக்கும். அந்த வழியாகப் போகிறவர்கள் குடையைத் தாழ்த்திக்கொண்டு வேகமாகப் போவார்கள், தங்கள் குரல் அதில் இருந்துவிடுமோ என்று.

பெரிய டாக்டர் ஒருமுறை நின்று கேட்டார். கடற்கரைக் காற்றின் ஈரம் இப்படியெல்லாம் செய்யும் என்று சொல்லிவிட்டு, ரிப்போர்ட்டில் எழுத வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். வார்டு சிஸ்டர் எமல்டா தன் பங்குக்கு ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாள்: பஞ்சு பேசும்போது ஃபேனை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதிப் பேச்சிலேயே காய்ந்துவிடுகிறது.

ஊர் பயந்ததா என்றால் இல்லை. சரி, திருந்தியதா என்றால் அதுவும் இல்லை. ஊர் ஏற்பாடு செய்துகொண்டது. பெண்டாட்டி மாசமாக இருக்கும்போது திட்ட வேண்டியதையெல்லாம் ஆண்கள் உப்புப் பாத்தி வரப்பில் நின்று திட்டித் தீர்த்துவிட்டு வந்தார்கள், மாமியார்கள் கண்ணாலேயே ஏசக் கற்றுக்கொண்டார்கள், அடிக்கிறவர்கள் அடிப்பதை விடவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு அடித்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, உங்க வீட்டுப் பஞ்சு என்ன சொல்லிச்சு என்று கேட்டார்கள். இப்படி இருக்கையில் மாவு மில் தெருவில் கோமதிகனி என்பவளுக்குப் பிறந்த பெண்பிள்ளையின் பஞ்சு ஒன்றுமே சொல்லாமல் கிடந்தது. ஊர் வாயைப் பிளந்தது. ஒரு அதட்டல் இல்லை, ஒரு விசும்பல் இல்லை, இப்படியும் ஒரு குடும்பமா. அதற்கு ஊமைப் பஞ்சு என்று பேர் வைத்தார்கள். பஞ்சே சாட்சி சொன்ன பிறகு மெஷின் எதற்கு என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள், பஞ்சை வெள்ளிக் குங்குமச் சிமிழில் வைத்து நடையில் தொங்கவிட்டார்கள், அந்தப் பிள்ளை சாருவை நிச்சயதார்த்தம், சடங்கு, பால்காய்ப்பு என்று எல்லா நல்லதுக்கும் முதல் ஆளாகக் கூப்பிட்டார்கள். சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, அதற்குச் சிமிழும் வாங்குகிற கெட்டிக்காரத்தனத்தை என்னவென்று சொல்வது.

ஆவுடைச்செல்வி பயந்தது பிரசவ வலிக்கு இல்லை, பஞ்சுக்கு. அவளுக்கு ஏழாம் மாசத்தில் ஒரு பகல் நடந்தது. தலைப்பிரசவத்துக்குத் தன்னைக் கூட்டிப்போக எப்போது வருகிறீர்கள் என்று, வீட்டில் ஒருவரையும் கேட்காமல் கொள்ளாமல், அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டாள், அது குற்றம். புருஷன் லிங்கதுரை அவளைத் தோளைப் பிடித்து ஸ்டீல் பீரோவில் மோதினான், பீரோ கோயில் மணிபோல முழங்கியது, மறுபடி மோதினான், கண்ணாடி உடைந்தது, அவள் கத்தினாள், வாயைப் பொத்த வேண்டும் என்பது கோபத்தில் அவனுக்கு மறந்துபோயிருந்தது. அவன் அக்கா தங்கபுஷ்பம், தாய் தகப்பன் இல்லாத அந்த வீட்டை நடத்துகிறவள், முதலில் ஜன்னலைச் சாத்தினாள், பிறகு கதவைச் சாத்தினாள், பிறகுதான் பதறினாள். பதறினது ஆவுடைக்காக இல்லை. "பஞ்சுல வந்துருமேடே, சவத்து மூதி, பஞ்சுல வந்துருமே," என்று தம்பியின் முதுகில் அறைந்தாள். அன்றிலிருந்து பிரசவம் வரைக்கும் அந்த வீட்டில் ஆவுடையை அம்மா ஆத்தா என்று பேசினார்கள். வயிற்றுக்குப் பக்கத்தில் ரேடியோவை வைத்து விடிந்ததிலிருந்து அடையும்வரை சாமி பாட்டுப் போட்டார்கள், பழைய சத்தத்தின் மேல் புதுச் சத்தத்தைப் பூசினால் மறைந்துவிடும் என்று தங்கபுஷ்பத்துக்கு ஒரு கணக்கு.

ஆவுடைக்கு வேறு கணக்கு இருந்தது. அந்த அறைக்குள் கதவைச் சாத்தியபோது தன்னோடு இன்னொரு ஆளும் இருந்தது, அது எல்லாவற்றையும் கேட்டது, ஒருநாள் அது சொல்லிவிடும் என்று பயந்தாள். பயந்ததோடு, யாரிடமும் ஒத்துக்கொள்ளாமல், கொஞ்சம் ஆசையும்பட்டாள்.

பெண்பிள்ளை பிறந்தது. காது பார்க்கிற படிப்புப் படித்துவிட்டுப் பயிற்சிக்காகப் புதிதாக வந்திருந்த நிலோபர் என்ற பெண் மெஷினைத் தள்ளிக்கொண்டு கட்டிலுக்கு வந்தாள். எமல்டா ஃபேனை நிறுத்தினாள். அடுத்த கட்டில்காரிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். நிலோபர் பசையைத் தொட்டு நெற்றியைத் தேய்த்தாள், பிடரியைத் தேய்த்தாள், தோளைத் தேய்த்தாள், பஞ்சைத் தட்டில் போட்டாள். ஆவுடை கண்ணை மூடிக்கொண்டாள். பீரோ முழங்கப்போகிறது, இதோ முழங்கப்போகிறது என்று காத்திருந்தாள். வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடுகிற சத்தம் மட்டும் வந்தது.

"ஒண்ணும் சொல்லலையே," என்றாள் தங்கபுஷ்பம். குனிந்து தட்டுக்குள் காதை வைத்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தபோது அவள் முகமே வேறாக இருந்தது. "லிங்கம், கேட்டியாடே. நம்ம வீட்டுப் பஞ்சு ஊமைப் பஞ்சுடே."

"அக்கா, கொஞ்சம் தள்ளுங்க. சென்சார் இன்னும் ஒட்டலை," என்றாள் நிலோபர்.

"அது எதுக்கு இனி? பஞ்சே சொல்லிட்டு."

"பஞ்சு எங்க சொல்லுச்சு? ஒண்ணுமே சொல்லலைன்னு நீங்கதானே இப்ப சொன்னீங்க."

"சொல்லலைன்னாதாம்மா நல்ல வீடு."

"நல்ல வீடாவும் இருக்கலாம். பிள்ளைக்குக் காது கேக்காமலும் இருக்கலாம். ரெண்டுல எதுன்னு மெஷின் சொல்லட்டுமே, உங்களுக்கு என்ன அவசரம்?"

வார்டு சிரிப்பை அடக்கிக்கொண்டது. தங்கபுஷ்பம் பைக்குள் கையை விட்டுத் தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்தாள். "படிச்ச பிள்ளைக்கு வாயில நல்ல சொல்லே வராதோ," என்று சொல்லிக்கொண்டே, துடைத்து வைத்த நெற்றியிலும் பிடரியிலும் எண்ணெயை வழிய வழியத் தேய்த்தாள். சென்சார் இனி எதிலும் ஒட்டாது. நிலோபர் அவளை விட்டுவிட்டுக் கட்டில் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்கக்கா. இத்தனை மாசம் வீடு சத்தமில்லாமலா இருந்துச்சு?"

வார்டே ஆவுடையைப் பார்த்தது. லிங்கதுரை வாசலில் நின்றபடி செருப்பைப் பார்த்தான். ஆவுடைக்கு முதலில் வந்தது நிம்மதி, அதை நினைத்து அவள் பிற்பாடு எத்தனையோ தடவை தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

"சத்தமில்லாமத்தான் இருந்துச்சு," என்றாள்.

வீட்டு நடையில் சிமிழ் தொங்கியது. போகிறவர் வருகிறவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். லிங்கதுரைக்கு உப்புக் கொட்டடியில் மரியாதை கூடியது, பஞ்சாயத்துப் பேச அவனைக் கூப்பிட்டார்கள். பிள்ளை பால் குடித்தது, தூங்கியது, கண்ணால் விளக்கைத் தேடியது. எந்நேரமும் அதற்கு எண்ணெய் பூசியே வைத்திருந்தாள் தங்கபுஷ்பம். ஆவுடை மட்டும் அந்த மாசத்தில் ஒன்றையே திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருந்தாள். பீரோ சத்தம் வராதது இருக்கட்டும். அவ்வளவு நாள் வயிற்றோடு ஒட்டிவைத்துப் பாடின ரேடியோ எங்கே போனது? சாமி பாட்டில் ஒரு வரிகூடவா பஞ்சில் வராது?

பேர் வைக்கிற அன்று கோமதிகனியையும் சாருவையும் அழைத்திருந்தார்கள். சாரு நடக்கிற பிள்ளையாகிவிட்டிருந்தாள், பட்டுப்பாவாடையில் கொலுசு குலுங்க வந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், வந்திருந்த பெண்களெல்லாம் அவள் தாடையைத் தொட்டு, என்ன அடக்கம், எவ்வளவு அமைதி, வளர்த்தா இப்படி வளர்க்கணும் என்று சொன்னார்கள். அப்போது அடுக்களையில் சாம்பார் வாளி மூடியும் எவர்சில்வர் தாம்பாளமும் சேர்ந்து சரிந்து தரையில் விழுந்து சுற்றிச் சுற்றி ஓய்ந்தன. கூடத்துக்கே தூக்கிவாரிப்போட்டது. கையில் காப்பி வைத்திருந்தவர்கள் சேலையில் கொட்டிக்கொண்டார்கள். தொட்டிலில் பிள்ளை இமை அசையாமல் தூங்கியது. சாரு கொலுசின் திருகைத் திருகிக்கொண்டிருந்தாள்.

ஆவுடை நிமிர்ந்தபோது கோமதிகனி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடனே தலையைக் குனிந்துகொண்டு சாருவை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் ஆவுடை அவளைப் பிடித்தாள். "அக்கா, சாரு பேசுதாளா?"

"அமைதியான பிள்ள," என்றாள் கோமதிகனி, எத்தனையோ வீட்டில் சொல்லிப் பழகின குரலில்.

"உங்க வீட்டுல நெசமாவே சத்தம் இல்லையா?"

கோமதிகனி குழாயைத் திறந்துவிட்டாள், தண்ணீர் வாளியில் சடசடவென்று விழுந்தது, அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு பேசினாள். "வீட்டை விடுட்டி. எங்களுக்கு அடுத்த சுவரு மாவு மில்லு. விடிஞ்சா அடைஞ்சா அதுதான். தெருவே அதிரும். அந்தச் சத்தம்கூட பஞ்சுல வரலை. ஊருல ஒருத்தருக்காவது அது தோணணுமே. எனக்கு அன்னைக்கே தோணிச்சு." கையைச் சேலையில் துடைத்தாள். "தோணி என்ன செய்ய. நடையில சிமிழு தொங்குது."

தடுப்பூசி போடுகிற நாளில் ஆஸ்பத்திரிக் கூடத்தில் நிற்க இடமிருக்காது. ஆவுடை ஊசி வரிசைக்குப் போகாமல் பிள்ளையோடு நேராக நிலோபரின் மேசைக்குப் போனாள். "மெஷின் போடணும்," என்றாள். நிலோபர் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள், விரல் வழுக்கியது.

"எவ்வளவு எண்ணெய்க்கா இது. ரெண்டு மூணு தடவை தொடைக்கணும்."

"நான் தொடைக்கேன். எப்படின்னு சொல்லு."

பின்னாலேயே தங்கபுஷ்பம் வந்துவிட்டாள், அவளுக்குப் பின்னால் லிங்கதுரையும். "ஏட்டி, என்ன பண்ணுத நீ? பஞ்சு சொன்னதுக்கு மேல மெஷின்ல சோதிக்கணும்னா அப்ப பஞ்சு பொய் சொல்லுதுன்னு ஆகுது. பஞ்சு பொய்யின்னா நம்ம வீடு பொய்யின்னு ஆகுது. இத்தன பேரு முன்னால எங்களக் கேவலப்படுத்தணும்னே வந்தியா?"

"மதினி, பஞ்சு பொய் சொல்லல," என்றாள் ஆவுடை. நிலோபர் காட்டினபடி பசையைத் தொட்டுப் பிள்ளையின் நெற்றியில் வைத்தாள். "அதுக்குத் தெரியாது. தெரியாததை அது எப்படிச் சொல்லும்? தெரிஞ்சவ நான்தான். நான் சொல்லுதேன்."

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். சொன்னாள் என்பதைவிட, பஞ்சு எப்படிச் சொல்லுமோ அப்படிச் சொன்னாள், ஏற்றமும் இறக்கமும் மாறாமல், யாருடைய குரலோ அவருடைய குரலில். ஏட்டி, யார்ட்ட கேட்டுட்டு போன் போட்ட என்று லிங்கதுரையின் குரல் அவள் வாயிலிருந்து வந்தபோது வாசலில் நின்ற லிங்கதுரை தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிடரியைத் தேய்த்தபோது பீரோ முழங்கியது, மறுபடி முழங்கியது, கண்ணாடி உடைந்தது, ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து அத்தனையும் வந்தது. சத்தம் வெளிய போகாம பாத்துக்கடே என்று தங்கபுஷ்பத்தின் குரல் வந்தது, ஜன்னலைச் சாத்துகிற சத்தம் வந்தது, கதவைச் சாத்துகிற சத்தம் வந்தது. பிறகு அவள் தன்னுடைய கத்தலைக் கத்தினாள், முழுசாக, அன்றைக்குக் கத்தின அளவுக்கே, குறைக்காமல். தோளைத் தேய்த்தபோது சாமி பாட்டுப் பாடினாள்.

கூடத்தில் யாரும் அவளை நிறுத்தவில்லை. அந்த ஊருக்குப் பஞ்சு பேசினால் எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரியும். தலையைக் குனிந்துகொண்டு, பிள்ளைகளைத் தட்டி அமர்த்திக்கொண்டு, கடைசிவரை கேட்பார்கள். எமல்டா எழுந்துபோய் ஃபேனை நிறுத்தியிருந்தாள். ஆவுடை அதைப் பார்க்கவில்லை, வியர்வை வழிந்தபோதுதான் தெரிந்தது. தட்டில் கறுத்த எண்ணெய்ப் பஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன, ஒன்றுகூடப் பேசவில்லை.

தங்கபுஷ்பம் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "இவ சொல்லுததை நம்புதீயளா? பிள்ளை பெத்த கிறுக்கு," என்றாள். யாரோ ஒருத்தி, முகம் தெரியவில்லை, "பஞ்சு பேசும்போது ஊடால பேசக்கூடாது," என்றாள்.

சென்சார்கள் ஒட்டின. விளக்கு பச்சைக்கு மாறியது. பிள்ளை தூங்கியது. மெஷின் அதன் காதுக்குள் டிக் டிக்கென்று தட்டிக்கொண்டே இருந்தது, ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல, இந்தக் காதில் தட்டிவிட்டு அந்தக் காதுக்குப் போய்த் தட்டியது. நிலோபர் திரையை வெகுநேரம் பார்த்தாள். சென்சார்களை ஒவ்வொன்றாக அழுத்திவிட்டு மறுபடி பார்த்தாள்.

"சொல்லு," என்றாள் ஆவுடை.

"போய்ச் சேரலைக்கா. இதுவே முடிவு இல்ல. இன்னொருக்கா பாக்கணும், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தாரேன். இப்பவே வந்தது நல்லது. காதுல கேக்குற மெஷின் வைக்கலாம், பேச வைக்கலாம், கையால பேசக் கத்துக்குடுக்கலாம். நாள் போகப்போகத்தான் கஷ்டம்."

"அன்னைக்கு அடிச்சதுல போயிருக்குமா?"

"தெரியலைக்கா. தெரியாததைத் தெரியும்னு நான் சொல்ல மாட்டேன்."

"அப்ப நான் கத்தினது இவளுக்குக் கேட்டிருக்காது."

"அநேகமா கேட்டிருக்காது."

ஆவுடை பிள்ளையின் நெற்றியைத் தடவினாள். எண்ணெய் போன தோல் விரலுக்குச் சொரசொரவென்று, முதல்முதலாகத் தொடுவதுபோல இருந்தது. அந்த அறையில் தன்னோடு ஒரு ஆள் இருந்ததாக இத்தனை நாளும் நம்பியிருந்தாள். யாரும் இருந்திருக்கவில்லை. கதவைச் சாத்தினபோது அவள் தனியாகத்தான் இருந்திருக்கிறாள். அது அவளுக்குத் தாங்க முடியாததாகவும் இருந்தது, பிள்ளைக்காவது அந்தச் சத்தம் இல்லாமல் போனதே என்றும் இருந்தது, இரண்டில் எதற்காகக் கண்ணீர் வருகிறது என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"எழுதிக் குடு. நாளைக்கே போறேன்," என்றாள். "எங்க அம்மா வீட்டுலேருந்து போறேன்."

லிங்கதுரை வாசலில் இல்லை. தங்கபுஷ்பம் எண்ணெய் பாட்டில் வைக்கிற காலிப் பையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். எமல்டா ஃபேனைப் போட்டாள், கூடம் மூச்சுவிட்டது, ஊசிக்கு வரிசை மறுபடி உருவாகப் பார்த்தது. அப்போது அந்த வரிசையிலிருந்து விலகிக் கோமதிகனி வந்தாள். சாருவை இடுப்பிலிருந்து இறக்கி ஆவுடைக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்காரவைத்தாள். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, சாருவின் நெற்றியில் மினுமினுத்த எண்ணெயை அழுத்தித் துடைத்தாள், பிறகு பிடரியை, பிறகு தோளை. சாரு சிணுங்காமல் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்கு அடுத்த சுவரு மாவு மில்லு," என்று கோமதிகனி ஆரம்பித்தாள்.

யாரும் சொல்லாமலே ஃபேன் நின்றது.